எதிர்வாடையில் நின்று படிக்க வேண்டும்: பெயர்ப்பலகை எழுதிக் கற்றுக்கொண்டவை

1986-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, காரைக்குடியில் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்த என் தாய்மாமாவிடம் தொழில் பழகச் சேர்ந்தேன். முதல் எட்டு மாதம் அவர் என்னைப் பிரஷைத் தொடவிடவில்லை. தகரத்துக்கு உப்புத்தாள் போடுவது, பட்டி பார்ப்பது, டர்பன்டைனில் பிரஷ்களை அலசி எண்ணெய் தடவி வைப்பது, ஏணியைப் பிடித்துக்கொள்வது ஆகியவைதான் என் வேலை. ஒன்பதாவது மாதத்தில் எட்டடி நீளமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட ஒரு பலகையை என்னிடம் முழுதாக ஒப்படைத்தார். அதில் எழுத வேண்டியது "பாரதி சைக்கிள் மார்ட்" என்ற பெயர்.

பலகையின் நீளத்தை எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சமமான கட்டங்கள் போட்டேன். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, கோல்டன் எல்லோ பின்னணியில் போஸ்ட் ஆபிஸ் ரெட் கொண்டு, ஒன்றரை நாள் செலவழித்து எழுதி முடித்தேன். அருகில் நின்று பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. மாமா பலகையைக் கடை வாசலில் சாய்த்து வைக்கச் சொன்னார். "எதிர்வாடைக்குப் போயி நின்னு, நீ எழுதுனதுங்கிறதை மறந்துட்டு, வழியில போற ஆளா நெனைச்சுப் படிச்சுட்டு வா மாப்ளே" என்றார். சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தபோதுதான் நான் செய்திருந்த தவறு எனக்குத் தெரிந்தது. "பா"வின் காலும் அடுத்து வந்த "ர"வும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கம்பங்களாக நின்றன. "மார்ட்" என்ற சொல்லிலும் அதே கதைதான். புள்ளி வைத்திருந்ததால் மட்டுமே இரண்டாவது கம்பம் ஓர் எழுத்து என்று ஊகிக்க முடிந்தது. நடந்து போகிறவர் நின்று படித்தால் புரிந்துகொள்வார். சைக்கிளில் போகிறவருக்கு அது "பாதி" என்றுதான் பட்டிருக்கும். மாமா எதுவும் சொல்லாமல் டர்பன்டைன் நனைத்த துணியை என் கையில் கொடுத்தார். பெயின்ட் முழுமையாகக் காய்ந்திருக்கவில்லை என்பதால், முழுவதையும் அன்றே துடைத்து எடுத்தேன்.

மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரே எழுத்தைக் காட்டிக்கொடுத்தார். கால் என்பது நேராக இறங்கி, அடியில் கத்தியால் வெட்டியதுபோல் முடிய வேண்டும். "ர"வின் அடியில் சாய்வாக இறங்கும் கீற்று இருக்கிறதே, அது புத்தகத்தில் இருக்கும் அளவைவிட நீளமாகவும், எழுத்தின் கனத்தில் முக்கால் பங்கு குறையாமலும் இருக்க வேண்டும், ஏனென்றால் இருபதடிக்கு அப்பால் மெல்லிய கோடுகள்தான் முதலில் மறையும். "பா"வையும் "ர"வையும் பிரிக்கும் இடைவெளி, "ர"வுக்கும் "தி"க்கும் உள்ள இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் கண்ணுக்கு இரண்டும் சமமாகத் தோன்றும். நேர்கோடும் நேர்கோடும் அடுத்தடுத்து வந்தால் நெருக்கமாகவும், வளைவும் வளைவும் வந்தால் விலகலாகவும் தெரிவது கண்ணின் இயல்பு. அதனால் அளவுகோலில் சமமாக இருப்பது பலகையில் சமமாக இருக்காது. அன்றிலிருந்து நான் கட்டம் போட்டு எழுதியதே இல்லை. முழுப் பெயரையும் சாக்பீஸால் ஒருமுறை மெலிதாக எழுதி, எதிர்வாடையில் நின்று பார்த்து, திருத்தி, அதன் பிறகே பெயின்ட் டப்பாவைத் திறக்கிறேன்.

தமிழ் எழுத்தைப் பலகையில் ஏற்றுவதற்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை ஏற்றுவதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலும் கீழும் இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு நான்கு கோடுகள் வேண்டும். புள்ளியும் இகர ஈகாரச் சுழிகளும் மேலே ஏறும். "ழ"வும் "மு", "கு", "று" போன்றவையும் கீழே இறங்கும். நடுப்பட்டையில்தான் எழுத்தின் உடல் நிற்கும். புதிதாகப் பழகுபவர்கள் பலகையின் முழு உயரத்தையும் நடுப்பட்டைக்கே கொடுத்துவிட்டு, பிறகு "மு"வின் வாலைச் சட்டத்தில் இடிக்கும்படி மடக்குவார்கள். நான் பலகையின் உயரத்தை ஐந்து பங்காகப் பிரித்து, மேலே ஒரு பங்கு, கீழே ஒரு பங்கு, நடுவில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். பெயரில் கீழிறங்கும் எழுத்தே இல்லையென்றால் கீழ்ப் பங்கைக் குறைத்து உடலைப் பெரிதாக்கலாம். ஆகையால் பெயரைப் படித்துப் பார்க்காமல் கோடு போடக் கூடாது.

எழுத்தின் உயரத்துக்கு உலகெங்கும் பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பதே அது. நாற்பதடி அகலச் சாலையின் எதிர்வாடையிலிருந்து சிரமமில்லாமல் படிக்க நான்கு அங்குல எழுத்து போதும் என்று இந்தக் கணக்கு சொல்லும். என் அனுபவத்தில் தமிழுக்கு இது போதாது. ண, ன, ள, ஞ போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் சிறு இடங்கள் தூரத்தில் அடைபட்டு, "ண"வும் "ன"வும் ஒன்றாகிவிடும். அதனால் அதே இடத்தில் நான் நடுப்பட்டையை மட்டும் ஐந்தரை அல்லது ஆறு அங்குலமாக வைப்பேன். கனமான எழுத்துதான் தூரத்துக்குத் தெரியும் என்று நினைத்துப் பலர் கோட்டைத் தடிப்பாக்குகிறார்கள். சுழி அடைபடுவதற்கு அதுவே காரணம். கோட்டின் கனம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், மூன்று சுழி "ண" தன் மூன்று சுழியோடு எதிர்வாடை வரைக்கும் போய்ச் சேரும்.

பலகையைத் தயார்செய்யும் முறையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மரச் சட்டத்தில் தகரத்தை அடித்து, ரெட் ஆக்சைடு ஒரு கை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, பின்னணி எனாமல் இரண்டு கை அடிக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு முழு நாள் விட வேண்டும். நூலில் நீலப் பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். சாக்பீஸ் பொடியைவிட நீலம் நன்றாகத் தெரியும், ஆனால் அளவாகத் தடவ வேண்டும், மிகுந்தால் மஞ்சளில் கலந்து பச்சை அடிக்கும். கை நடுங்காமல் இருக்க, நுனியில் துணி உருண்டை கட்டிய ஒரு கம்பைப் பலகையின் மேல் சாய்த்து, அதன் மேல் மணிக்கட்டை ஊன்றி எழுதுவோம். மார்கழியில் ஒருமுறை, கடைக்குள் இடமில்லை என்று எழுதி முடித்த பலகையை இரவு முழுவதும் வெளியில் விட்டேன். பனி பட்டு, காலையில் அதன் பளபளப்பு முழுவதும் போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆகியிருந்தது. திறப்பு விழா மறுநாள் என்பதால் மேலே இன்னொரு கை அடிக்கவும் நேரமில்லை. மங்கிய பலகையோடுதான் அந்தக் கடை திறந்தது, நான் கூலியில் பாதியை வாங்கிக்கொள்ளவில்லை. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மாலை நான்கு மணிக்கு மேல் எனாமல் அடிப்பதில்லை என்ற வழக்கத்தை அன்று வைத்துக்கொண்டேன்.

மாமா 1960-களில் மதுரையில் சினிமா பேனர் வரையும் கொட்டகை ஒன்றில் எடுபிடியாக இருந்து தொழில் பழகியவர். அவர் கையில் பழைய தமிழ் எழுத்து வடிவங்கள் ஊறியிருந்தன. எங்கள் பக்கத்துப் பலகைகளில் கடைப் பெயருக்கு மேலே, நடுவில், சிறிய எழுத்தில் "முருகன் துணை" என்றோ வேறொரு தெய்வத்தின் பெயரைச் சொல்லித் "துணை" என்றோ ஒரு வரி இருக்கும். அந்தத் "துணை"யில் வரும் ணையை, யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் ஐகாரம் எழுத்தின் தலையோடு சேர்ந்து எழும் பழைய வடிவத்தில்தான் அவர் எழுதுவார். பெரியார் 1935-இலேயே தம் இதழ்களில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ணை, லை, ளை, னை ஆகியவை ஐகாரக் கொம்பு முன்னால் நிற்கும் இப்போதைய வடிவத்துக்கும், ணா, றா, னா ஆகியவை கால் போட்ட வடிவத்துக்கும் வந்தன. நான் பள்ளியில் படித்தது புதிய வடிவம். மாமாவிடம் பழகியது இரண்டும். கடைப் பெயரைப் புதிய எழுத்தில் எழுதிவிட்டு, சாமி பெயர் வரும் வரியை மட்டும் பழைய எழுத்தில் விடச் சொன்ன பெரியவர்கள் 1990-கள் வரைக்கும் இருந்தார்கள். ஒரு பழைய பலகையின் வயதைக் கணிக்க விரும்புபவர்கள் முதலில் அந்தத் தலைப்பு வரியைப் பார்க்க வேண்டும் என்பேன். அது உறுதியான சான்று ஆகாது, ஆனால் எழுதியவர் எந்தத் தலைமுறையில் கை பழகினார் என்பதைச் சொல்லிவிடும்.

பெயர்ப்பலகை என்பது கடைக்காரரின் சொந்த விஷயம் மட்டுமாக இங்கே ஒருபோதும் இருந்ததில்லை. சிமென்ட் ஆலை நடத்திய தொழிலதிபரின் பெயரால் டால்மியாபுரம் என்று வழங்கப்பட்ட ஊரின் ரயில் நிலையப் பலகையில், 1953-இல் கல்லக்குடி என்று அச்சிட்ட தாளை ஒட்டித் திராவிட இயக்கத்தினர் போராடினார்கள். 1957-இல் உணவு விடுதிகளின் பலகைகளில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரி பெரியார் நடத்திய கிளர்ச்சியும் பலகையின் மீதுதான் நிகழ்ந்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி, தமிழகத்தில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். பிற மொழிகளும் இடம்பெற்றால் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, மற்ற மொழிக்கு இரண்டு பங்கு என்பது அளவு. இந்த விகிதத்தை அதிகாரிக்காகப் பின்பற்றும் சுமையாக நான் பார்த்ததில்லை. ஒரே உயரத்தில் எழுதினால் சுழி இல்லாத ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தமிழைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டும் சமமாகப் படிக்கப்பட வேண்டுமென்றாலே ஆங்கிலத்தைக் கணிசமாகக் குறைத்தாக வேண்டும். ஐந்துக்கு மூன்று என்று வைத்து எழுதிய பலகைகளைத்தான் என் கண் இன்றும் விரும்புகிறது.

பலகை வேலை இல்லாத நாட்களில் சுவர் எழுதப் போவோம். சோப்பு, பல்பொடி, சிமென்ட், உரம், பனியன் என்று நிறுவனங்களின் ஆட்கள் வந்து, ஊர் எல்லையில் எந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டு ஒப்பந்தம் கொடுப்பார்கள். பேருந்து வளைவில் திரும்பும் இடத்தில் நேர் எதிரே நிற்கும் சுவருக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும்போது பயணிகள் எல்லாருக்கும் அது தெரியும். சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, கரித்துண்டால் வடிவம் போட்டு, வஜ்ரம் என்ற பசையைக் காய்ச்சிக் கலந்த வண்ணத்தால் எழுதினால் ஒரு மழைக்காலத்தைத் தாங்கும். தேர்தல் வந்துவிட்டால் மூன்று மாத வேலை மூன்று வாரத்தில் குவியும். கட்சிக்காரர்கள் ஆண்டைக் குறிப்பிட்டுச் சுவரை முன்பதிவு செய்துவைப்பார்கள். 1990-இன் இறுதியில் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்த பிறகு, அனுமதியில்லாத சுவர் எழுத்துகளுக்குக் கெடுபிடி வந்தது. ஊர்ச் சுவர்கள் சுத்தமாயின, அது நல்லதுதான். எங்களைப் போன்றவர்களின் ஆண்டு வருமானத்தில் பெரிய துண்டு ஒன்று விழுந்தது என்பதும் உண்மை. ஒரே வகை வேலையை நம்பியிருக்கக் கூடாது என்று அப்போது முடிவுசெய்து, கண்ணாடியில் எழுதப் பழகினேன்.

கண்ணாடி எழுத்து எனக்கு மிகவும் பிடித்த வேலை. நகைக்கடை, மருந்துக்கடை, மருத்துவர் அறை ஆகியவற்றின் கண்ணாடிக்கு உட்புறமிருந்து, இடவலம் மாற்றி எழுத வேண்டும். பலகையில் பின்னணி முதலில், எழுத்து அடுத்து, ஷேடும் ஓரக்கோடும் கடைசி. கண்ணாடியில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். பார்ப்பவருக்கு எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை நாம் முதலில் எழுத வேண்டும். ஆகவே ஓரக்கோடு முதலில், எழுத்தின் உடல் இரண்டாவது, ஷேடு மூன்றாவது, பின்னணி கடைசி. ஒரு கட்டத்தில் செய்த பிழை அடுத்த வண்ணம் மேலே ஏறிய பிறகுதான் வெளியிலிருந்து தெரியவரும் என்பதால், ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கண்ணாடியில் ஷேடு போடும்போது, எழுத்துக்கும் ஷேடுக்கும் நடுவில் நூலளவு இடம் விட்டு, அங்கே பின்னணி நிறம் வரும்படி செய்தால், எழுத்து கண்ணாடியிலிருந்து அரை அங்குலம் வெளியே நிற்பதுபோல் தோன்றும். தகரப் பலகையிலும் இதைச் செய்யலாம். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பெரும்பாலோர் ஷேடை எழுத்தோடு ஒட்டியே போட்டுவிடுகிறார்கள்.

காரைக்குடியில் இருந்ததால் எனக்கு இன்னொரு பாடசாலையும் வாய்த்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் பழைய கடைகளிலிருந்தும் வந்த எனாமல் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். தேயிலை, சோப்பு, தையல் இயந்திரம், டயர் என்று பலவற்றின் விளம்பரங்கள் அவை. பழையவற்றில் பல இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்து கப்பலில் வந்தவை. எனாமல் என்று நாம் டப்பாவில் வாங்கும் பெயின்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சூளையில் வைத்து எடுப்பார்கள். வெயில் எத்தனை ஆண்டு அடித்தாலும் நிறம் மங்காது. கல் பட்டோ ஆணி இறுகியோ சில்லு தெறித்த இடத்தில்தான் துரு புகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குப் போய், வாங்கும் நோக்கமில்லாமல் பலகைகளை விரலால் தடவிப் பார்ப்பேன், கடைக்காரர்கள் என்னை விரட்டியதில்லை. உண்மையான பழைய பலகையில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் மேல் ஏறியிருக்கும் மேடு விரலுக்குத் தட்டுப்படும். சில்லு போன இடத்தில் வண்ணத்துக்கு அடியில் கருமையான அடிப்பூச்சு தெரியும். துரு, ஆணித்துளையைச் சுற்றி வட்டமாகப் பரவியிருக்கும். புதிதாகச் செய்து பழையதுபோல் விற்கப்படுபவற்றில் துரு சம்பந்தமில்லாத இடங்களில் திட்டுத்திட்டாக இருக்கும். வாங்க நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனைகள் உதவும்.

2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் பிளெக்ஸ் அச்சு எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் மூன்று நாளில் தருவதை அது ஒரு மணி நேரத்தில் தந்தது. முதலாளியின் புகைப்படத்தையும் போட்டுத் தந்தது. விலையும் குறைவு. கடைக்காரர்கள் அதன் பக்கம் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். மாமா அதற்குள் கண்பார்வை மங்கி வேலையை விட்டிருந்தார். நான் கடையை மூடிவிட்டு, பிளெக்ஸ் அச்சகம் ஒன்றில் கணினியில் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தேன். என்னை அங்கே வாட்டிய விஷயம் அதே "ர"தான். அவசரமாகத் தட்டச்சு செய்பவர்கள் "ர்" வர வேண்டிய இடத்தில் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் எவருக்கும் பிடிபடாது. ஊர் முழுவதும் "மாா்கெட்", "டிரேடா்ஸ்" என்று காலுக்குப் புள்ளி வைத்த பலகைகள் எழுந்தன. இன்னொரு சிக்கல் எழுத்துருவால் வந்தது. ஒரு குறிமுறையில் தட்டச்சு செய்த கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் தமிழ் முழுவதும் சிதைந்துவிடும். ஒருமுறை, படித்துப் பார்க்க ஆளில்லாத இரவு நேரத்தில், ஒரு திருமணப் பேனர் அப்படியே அச்சாகி, அப்படியே கட்டவும் பட்டுவிட்டது. பெண்ணின் தகப்பனார் காலையில் வந்து எதுவும் பேசாமல் எங்கள் வாசலில் நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

ஆகவே எந்த வகைப் பலகையானாலும், கடைக்காரர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் தங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி நான் இருமுறை பட்டிருக்கிறேன். ஒற்றெழுத்தையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம். "பாத்திரக் கடை"யில் "க்" விட்டுப்போனால் யாரும் கடைக்கு வராமல் இருக்கப்போவதில்லை, ஆனால் பத்து ஆண்டு தெருவில் நிற்கப்போகிற எழுத்து அது, எதிரே இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதப் பழகுவார்கள். எண் கணிதம் பார்த்து ஆங்கிலப் பெயரில் எழுத்தைக் கூட்டியிருந்தால் அதை அப்படியே எழுதித் தருவேன், அது அவர்கள் நம்பிக்கை. நிறத்தில் மட்டும் கொஞ்சம் வாதாடுவேன். மேற்கு பார்த்த கடைக்குச் சிவப்பு எழுத்து வேண்டாம் என்பேன், மாலை வெயிலில் முதலில் வெளுப்பது அதுதான். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து எப்போதும் கைகொடுக்கும், ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே தெரியும். ஆக்ஸ்போர்டு புளூ பின்னணியில் வெள்ளை எழுத்தும் நீண்ட நாள் நிற்கும். சிவப்பின் மேல் பச்சையோ, பச்சையின் மேல் சிவப்போ கேட்பவர்களைச் சாலையின் எதிர்ப்பக்கம் அழைத்துப்போய், வண்ணம் தடவிய இரண்டு தகரத் துண்டுகளைக் காட்டுவேன். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாக இருப்பதால் எழுத்தின் ஓரம் தூரத்தில் கரைந்துபோவதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

பலகையை மாட்டுவதும் எழுதுகிறவரின் பொறுப்புதான் என்று நினைக்கிறேன். 2019 செப்டம்பரில் சென்னையில், சாலையின் நடுத்திட்டில் கட்டியிருந்த பேனர் ஒன்று விழுந்து, இருசக்கர வாகனத்தில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த இளம் பொறியாளர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில், நான் அதுவரை மாட்டியிருந்த பலகைகளில் சுற்றுவட்டாரத்தில் இருந்தவை ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தேன். மூன்றில் ஆணி துருப்பிடித்து இளகியிருந்தது. அன்றுமுதல் ஆணியை விட்டுவிட்டு, சுவரில் துளையிட்டு போல்ட் முடுக்கியே மாட்டுகிறேன். ஆறடிக்கு மேல் நீளம் போனால் நடுவிலும் இரண்டு பிடிகள் கொடுக்கிறேன். ஆடிக் காற்றுக்கு முன் ஒருமுறை முடுக்கிப் பார்க்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவைக்கிறேன்.

2012-இல் பிளெக்ஸ் வேலையை விட்டு மீண்டும் பிரஷைக் கையில் எடுத்தேன். பிளெக்ஸ் இரண்டு கோடையில் வெளுப்பதைக் கண்ட சில கடைக்காரர்களும், பழைய செட்டிநாட்டு வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியவர்களும் கையெழுத்துப் பலகை கேட்டு வந்தார்கள். அதே காலத்தில் வட இந்தியாவில் ஹனீப் குரேஷி என்ற கலைஞர், தெருவில் பலகை எழுதுபவர்களின் எழுத்து வடிவங்களைத் தேடிச் சேகரித்து, எழுதியவரின் பெயராலேயே கணினி எழுத்துருக்களாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். தில்லியைச் சேர்ந்த பெயின்டர் கபீலின் எழுத்து அவற்றில் ஒன்று. குரேஷி 2024-இல் இளம் வயதிலேயே காலமானார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கை இருந்தது. மதுரைப் பலகையின் "ம" வேறு, திருச்சிப் பலகையின் "ம" வேறு என்று மாமா தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்வார். கைபேசி எல்லாரிடமும் இருக்கும் இந்தக் காலத்தில், உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் பலகைகளை நேரெதிரே நின்று, எழுத்து சாயாமல் ஒரு படம் எடுத்து, மூலையில் எழுதியவரின் பெயர் இருந்தால் அதை நெருங்கி இன்னொரு படமும் எடுத்து வைக்குமாறு வேண்டுகிறேன். ஆர்ட்ஸ் என்று முடியும் அந்தச் சிறு கையொப்பத்தைத்தான் முதலில் வெயில் தின்றுவிடுகிறது.

தொழில் பழக வருபவர்களுக்கு உடல்நலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்திருந்தது. இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்தைய பலகையைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். நாங்கள் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் தேய்த்தோம், வண்ணம் படிந்த கையோடு வடையும் தின்றோம். இப்போது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை மட்டுமே பயன்படுத்துகிறேன். முகமூடி இல்லாமல் பழைய பலகையைத் தொடுவதில்லை. தேய்த்த கசடை வழித்து எடுத்துத் தனியே கட்டிப் போடுகிறேன். பிரஷ் விஷயத்திலும் ஒரு மாற்றம் செய்துகொண்டேன். மெல்லிய கோட்டுக்குக் கீரி முடிப் பிரஷை விஞ்ச ஒன்றுமில்லை என்று அக்காலத்தில் எல்லாரும் சொல்வோம். கீரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது என்று தெரிந்த பிறகு, செயற்கை இழைப் பிரஷுக்கு மாறினேன். பழக இரண்டு மாதம் ஆயிற்று. இழை விறைப்பாக இருப்பதால் பெயின்டைச் சற்று நீர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

போன ஆண்டு, தேவகோட்டைப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர் தம் தாத்தா காலத்துப் பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, எழுத்தே தெரியாத நிலையில் இருந்தது. உப்புத்தாளை எடுப்பதற்கு முன், குளிக்கும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய பனியன் துணியால் மேலிருந்து கீழாக, ஒரு சாண் இடமாக ஒற்றித் துடைத்துப் பார்த்தேன். தும்பிக்கை தூக்கிய ணையோடு "துணை" வரி வெளிவந்தது. வலது மூலையில் என் மாமாவின் கையொப்பம் பாதி இருந்தது. மஞ்சள் பின்னணியில், சிவப்பு எழுத்துகளின் அடிக்கோட்டை ஒட்டி, அவர் நூல் சுண்டிய நீலக் கோடு பல இடங்களில் துடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. கடைக்காரரை வரச் சொல்லிக் காட்டினேன். அழிக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். அதன் மேல் வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டார். வார்னிஷ் நாளடைவில் பழுத்து, பலகை முழுவதையும் பழுப்பாக்கிவிடும் என்பதால் அது வேண்டாம் என்றேன். சட்டத்தில் செல்லரித்திருந்த கீழ்க்கட்டையை மட்டும் மாற்றி, பின்பக்கத் தகரத்துக்கு ரெட் ஆக்சைடு ஒரு கை பூசி, மழை நேராக அடிக்காத உள்தாழ்வாரத்தில், நான்கு புதிய போல்ட் போட்டு மாட்டிக் கொடுத்தேன்.